ஆறாம் நம்பர் வீட்டு வெயில்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான், ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் இன்னொன்று வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும், அதன் பின்னாலேயே போய்விடுவேன், திரும்பி வரும்போது முதலில் சொன்னது ஆறிப்போயிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. ஜெயக்கொடியைக் கெட்டவளாக்கிவிடக் கூடாது, அதுதான் பெரிய பயம். என்னை நல்லவளாக்கிவிடக் கூடாது, அது அதற்கு அடுத்த பயம். வெயிலைப் பற்றிச் சொல்வதில் பயம் எதுவும் இல்லை. அது எல்லோரும் பார்த்த வெயில். எத்தனை நாள் அடித்தது, எப்போது இறங்கியது என்று எங்கள் காம்பவுண்டில் யாரைக் கேட்டாலும் என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

மதுரையில் அப்பளம் தேய்க்கிற தெருக்களில் ஒன்றில் இருக்கிறது எங்கள் காம்பவுண்டு. ஒரே இரும்புக் கேட், உள்ளே எதிரும் புதிருமாக ஏழு வீடுகள், நடுவில் ஒரு குழாய். ஆறாம் நம்பர் எங்களுடையது. ஏழு வீட்டுப் பெண்களும் கம்பெனியிலிருந்து மாவு உருண்டை வாங்கிவந்து, கட்டையில் வட்டமாகத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்போம். என் வீட்டுக்காரர் பால்ச்சாமி கேரளத்து ஆலுவாவில் பரோட்டா மாஸ்டர். மாதம் ஒருமுறை வருவார், வந்தால் இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. தூங்குகிற மனுஷரை எழுப்பி என்ன சொல்வது என்று எனக்கும் தெரிந்ததில்லை.

என் மகள் சஷ்டிகா பிறந்த பதினோராம் நாள் எங்கள் வீட்டில் வெயில் இறங்கவில்லை. வெளியே இருட்டி, குழாயடியில் பல்பு போட்டு, ஐந்தாம் நம்பரில் சீரியல் பாட்டுக் கேட்டது, எங்கள் வீட்டுக்குள் மட்டும் உச்சி வெயில் நின்றது. ஜன்னல் வழியாக வரவில்லை, கூரை வழியாகவும் வரவில்லை, கான்கிரீட் கூரைதான். ஆனாலும் தலைக்கு நேர்மேலே சூரியன் இருக்கிற மாதிரி என் நிழல் என் காலடியில் தட்டுப்போல வட்டமாகக் கிடந்தது, தரை சுட்டது, குடத்து மூடி கண்ணைக் கூசவைத்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளையின் துணிகளைத் துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், யாருக்கும் தோன்றாத யோசனைகள் எனக்குத் தோன்றின, அதையெல்லாம் பிள்ளையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நாலு நாள் அப்படி. ஐந்தாம் நாள் வெயில் ஒரேயடியாக இறங்கியது, இறங்கியது இறங்கியதுதான், இருபத்திரண்டு நாள் எங்கள் வீட்டில் விடியவில்லை.

அந்த இருட்டு மற்ற இருட்டு மாதிரி இல்லை. பல்பைப் போட்டால் பல்பு தெரியும், பல்பைச் சுற்றி ஒரு சாண் தெரியும், அவ்வளவுதான். பிள்ளை அழுவது நாலு தெரு தள்ளி யாரோ அழுவது மாதிரிக் கேட்டது. எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது, கையும் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது மூன்றாம் நம்பர் ஜெயக்கொடி சுவரைத் தடவித் தடவி வந்தாள். என் ஜாக்கெட் ஊக்கை அவளே கழற்றி, பிள்ளையை மார்பில் வைத்து, அது குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு கையால் பிள்ளையின் தலையையும் ஒரு கையால் என் முதுகையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பிள்ளையை வெளியே தூக்கிப்போய், குளிப்பாட்டி, பகலைக் காட்டிவிட்டுக் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை, இருபத்திரண்டு நாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பின்னால் நான் என்ன சொன்னாலும் இதைக் கழித்துவிடாமல் கேட்க வேண்டும்.

முதல் வருஷம் காம்பவுண்டு கொஞ்சம் தயங்கியது. கோடாங்கி ஒருவர் வந்து உடுக்கை அடித்து, எங்கள் வீட்டு வெயிலில் வியர்த்துக் கொட்டி, இரண்டு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கரண்டு ஆபீஸ் ஆள் வந்து, ராத்திரியும் பகலுமாக வெளிச்சம் இருக்கிற வீட்டில் மீட்டர் ஓடாததைக் கண்டு, திருட்டு ஒயர் எங்கே என்று கக்கூஸ் வரைக்கும் போய்த் தேடினார். அதற்கப்புறம் யாருக்கும் அது ஒரு அதிசயமாக இல்லை. அடுத்த முறை வெயில் இறங்காமல் நின்றபோது வெளியே அடைமழை. ஜெயக்கொடி தன் மகள் மாரிச்செல்வியின் ஈர யூனிபாரத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டாள். மறுநாள் ஏழு வீட்டு யூனிபாரமும் காய்ந்தது. அப்புறம் மிளகாய், வடகம், மழையில் நனைந்த பாடப் புத்தகம், பிறந்த பிள்ளைகளின் தலையணை, கடைசியில் அப்பளம். மழைக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அப்பளக் கட்டையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். எங்கள் காம்பவுண்டில் மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட, அந்த ஆறாம் நம்பர் வெயில் உங்கள் காம்பவுண்டில்தானே என்று விசாரித்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்கள்.

இருட்டுக்கும் உபயோகம் இருந்தது. மெட்ராஸ் ஐ வந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து என் கதவோரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற ஏழாம் நம்பர்க்காரர் பகலில் பாயோடு வந்து படுத்தார். பழக்கடைக்காரர் வாழைத்தார்களைக் கொண்டுவந்து மூலையில் பழுக்கப் போட்டார். அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் நான் படுத்திருந்தேன், தார்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோணி. காய் வாசனை பழ வாசனையாக மாறுவதை வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிந்துகொள்வேன். எல்லோரும் எனக்குத் தொந்தரவில்லாமல் பைய நடந்தார்கள், குசுகுசுவென்று பேசினார்கள், போகும்போது என் தலைமாட்டில் ஒரு சீப்புப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் என்னைத் தொடவில்லை.

மேகத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். வெயிலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் எல்லோர் வீட்டையும் போல எங்கள் வீடு இருக்கிற நாட்களில் சுவரில் மேக நிழல் ஓடும். கேஸை மூடினேனா என்று நினைத்தால் ஒரு மேகம். மூடிவிட்டேன் என்று பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தேனா என்று நினைத்தால் இன்னொன்று. பள்ளிக்கூடம் விட்டுச் சஷ்டி வர ஐந்து நிமிஷம் பிந்தினால் ஒன்றன்பின் ஒன்றாக, வீடே சிமிட்டுகிற மாதிரி. குழாயடியில் நிற்கிறவர்களுக்கு என் கதவு வழியாக எல்லாம் தெரியும். இப்ப என்னத்துக்கு இருட்டுது தவமணி, கேஸ மூடிட்ட, நாங்க பாத்தோம் என்று அங்கிருந்தே சொல்லிச் சிரிப்பார்கள். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மற்றவர்கள் தங்கள் பயத்தை மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள், என் பயம் மட்டும் சுவரில் ஓடியது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா வெயிலைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எத்தனை நாள் நின்றது, நிழல் காலடியிலேயே இருந்ததா, இருட்டு எத்தனை நாள், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தது யார் என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். வெயிலும் இருட்டும் ஒரே நோய்தான், அதற்கு பைபோலார் என்று பெயர், மேகம் ஓடுவது பதற்றம், அது தனி, இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது, சர்க்கரைக்காரர்கள் போடுகிற மாதிரி விடாமல் போட வேண்டும், யார் சொன்னாலும் நாமாகக் குறைக்கக் கூடாது என்றார். போட்டேன். வீட்டில் பொழுது ஏறக்குறைய ஊர்ப் பொழுதோடு விடிந்து ஊர்ப் பொழுதோடு சாய்ந்தது. பிறகு ஒரு இருட்டில் என்னவோ நடந்தது. அந்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது டாக்டரம்மா, இனிமேல் மாத்திரை உன் வீட்டில் இருக்கக் கூடாது, உன்மேல் பாசம் உள்ள ஒருத்தரிடம் கொடுத்துவைத்து அன்றன்றைக்கு வாங்கிப் போட்டுக்கொள் என்றார். யாரிடம் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஜெயக்கொடி தன் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கழுவித் துடைத்தாள். உள்ளே ஏழு கிண்ணம், ஏழு நாளைக்கு. காலையில் வந்து ஒன்று, ராத்திரி வந்து இரண்டு, நான் முழுங்கித் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாத்திரையில் கொஞ்சம் சீரக வாசனை அடிக்கும். ஒன்பது வருஷம் அப்படிப் போட்டேன்.

ஒரே ஒரு தடவை தவறியது. மாரிச்செல்வி கல்யாணத்துக்காக ஜெயக்கொடி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் ஆறு நாள் தங்கிவிட்டாள், பெட்டி உள்ளே. நாலாம் நாள் வெயில் நின்றது. ஐந்தாம் நாள், மூன்றாம் வகுப்புப் படித்த சஷ்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு ஆலுவாவுக்குப் போகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவளைப் பூக்கடை ஓரம் உட்காரச் சொன்னேன். ஒரு கண்டக்டரிடம் பேசினேன், பேசிக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன், பஸ்ஸில் இருந்த எல்லோரிடமும் பேசினேன். உசிலம்பட்டி தாண்டிய பிறகுதான் என் பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்தேன். நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அவள் உட்காரச் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் இல்லை. பூக்காரம்மா பூவும் நாரும் கொடுத்திருந்தார். "ரெண்டு மொழம் கட்டிட்டேம்மா" என்று காட்டினாள். அதைப் பற்றி அவள் அப்புறம் பேசியதே இல்லை.

ஆனால் அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே உள்ளே வர மாட்டாள். நிலைப்படிக்கு வெளியே நின்று ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்ப்பாள். கையின் நிழல் தரையில் நீளமாக விழுகிறதா, குட்டையாக விழுகிறதா, விழவே இல்லையா. அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா என்று கூப்பிடுவாள். மூன்று நிழலுக்கு மூன்று குரல் வைத்திருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டே நான் அந்தக் கையைப் பார்ப்பேன், பார்க்காத மாதிரி இருப்பேன்.

இந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துப் பன்னிரண்டு நாள் விடவில்லை. தேய்த்த அப்பளம் பூஞ்சை பிடித்தது. கார்த்திகை முகூர்த்தங்களுக்கு வேண்டும் என்று கம்பெனியில் கெடுபிடி, கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் மாவு கிடையாது. அன்றைக்கு மத்தியானம் ஆறு வீட்டுப் பெண்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். வந்து உட்கார்ந்தார்கள். என் தலைமுடி கொட்டுகிறது என்றாள் ஒருத்தி, சஷ்டி நல்ல உயரம் ஆகிவிட்டாள் என்றாள் ஒருத்தி, ஒருத்தி எழுந்துபோய்த் தன் வீட்டிலிருந்து டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஜெயக்கொடி என் பக்கத்தில் முழங்கால் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"தவமணி, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கிறாத. ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரையப் பாதியாப் போட்டுக்கிறியா? ரொம்ப வேணாம். ராத்திரி எட்டு மணி வரைக்கும் அடிச்சாப் போதும்."

இந்த இடத்தில்தான் என்னை நல்லவளாக்கிவிடக் கூடாது. கூடாது என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. பூக்கடை ஓரமும் ஞாபகம் இருந்தது. சுவரில் ஒரு மேகம் ஓடியது, எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி டீயைக் குடித்தார்கள். ஆனால் அந்த ஒரு தடவை தவிர ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் ஊர்ப் பொழுதுதான். ஊர்ப் பொழுது இருக்கிற வீட்டுக்கு யார் வருவார்கள். மாத்திரை கொடுக்க ஜெயக்கொடி வருவாள், ஒரு நிமிஷம் நிற்பாள், போய்விடுவாள். என் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து டீ குடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு எண்ணிச் சொல்லத் தெரியவில்லை. சரி என்றேன். அவர்கள் கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் வெயில் எட்டு மணி வரை அடித்தது. ஐந்தாம் நாள் பதினொன்று வரை. பாதி மாத்திரை கால் ஆனது, கால் எப்போது இல்லாமல் ஆனது என்று ஜெயக்கொடிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இருவருக்கும் வேலை அப்படி. வெயில் இறங்காமல் நின்றுவிட்டது. தரை தெரியாமல் அப்பளம் பரப்பினோம், சமையல்கட்டில் பரப்பினோம், கட்டிலில் வேட்டி விரித்துப் பரப்பினோம், கயிற்றில் தொங்கவிட முடியுமா என்றுகூட நான் யோசனை சொன்னேன். பக்கத்துத் தெருக்காரர்கள் கூடையோடு வந்தார்கள். எல்லோருக்கும் சமைத்தேன். பாடினேன். அப்பளத்தை நிலாவுக்கு ஏற்றுமதி செய்ய ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னேன், அவர்கள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஆமாக்கா, ஆமாக்கா என்றார்கள். பதினாறு நாள் என்னைச் சுற்றி ஆள் இருந்தது. பதினாறு நாளில் ஒருவர்கூட நான் சொன்னதற்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. வெயிலுக்கு வந்தவர்கள் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சஷ்டி எங்கே படுத்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இது வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். பள்ளிக்கூட டையைக் கண்ணில் சுற்றிக் கட்டிக்கொண்டு அப்பளங்களுக்கு நடுவில் சுருண்டு கிடந்ததை ஒருமுறை பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் போன் செய்தார். அடைமழையில் பிள்ளைக்கு மூக்கும் கன்னமும் வெயிலில் கருகித் தோல் உரிந்திருக்கிறதே, எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியாது.

பதினாறாம் நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும், மழை கொட்டுகிறது, சஷ்டி நனைந்துகொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள். கையை நீட்டினாள். கையின் நிழல் அவள் கைக்கு நேர் கீழே கிடந்தது. உள்ளே கால் வைக்க இடம் இல்லை, எல்லாம் அப்பளம். அந்த மூன்று குரலில் எதையும் அவள் எடுக்கவில்லை. நான் சந்தோஷமாக, வா வா, இப்பவே கிளம்புறோம், ஆலுவாவுக்கு அப்பாவைப் பாக்கப் போறோம், பஸ்ஸு அஞ்சு மணிக்கு என்றேன்.

அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல என்னைய விட்டுட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிரும்மா. நான் சாப்பாடு எடுத்துக்கிறேன்."

கோபம் இல்லை, அழுகை இல்லை, மழைக்குக் குடை எடுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துவிட்டாள்.

பதினாறு நாளில் முதல் தடவையாக ஒரு மேகம் வந்தது. சின்ன மேகம் இல்லை, வீட்டை முழுசாக மூடுகிற மேகம், அது கடக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குக் கண் தெரிந்தது. அவளுடைய உரிந்த மூக்கு தெரிந்தது. கண்ணோரம் டை இறுகிய தடம் தெரிந்தது. இந்தப் பயத்தை என் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன், அன்றைக்கு அதுதான் எனக்கு நிழல் கொடுத்தது. அது போவதற்குள் எழுந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அப்பளத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு வெளியே வந்தேன், காலடியில் நொறுங்கிய சத்தம் இன்னும் கேட்கிறது.

குழாயடியில் ஜெயக்கொடி எதிரே வந்தாள். கையில் துண்டில் சுற்றிய பிள்ளை, பிரசவத்துக்கு வந்திருந்த மாரிச்செல்விக்கு அஞ்சு நாளைக்கு முன் பிறந்தது. மேலே யாரோ குடை பிடித்திருந்தார்கள். பிள்ளையின் கண்ணும் உள்ளங்காலும் மஞ்சள் பூத்திருந்தன. கலர் சரியில்லை, ரெண்டு நாள் உன் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் குறுக்கே நின்றேன். பெட்டியைக் கொடு என்றேன்.

"பெட்டி எங்க போகுது. புள்ளைய ரெண்டு நாளு வெயில்ல போட்டுக்கிறேன், அப்புறம் முழுசா முழுங்கு."

"பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போ ஜெயக்கொடி. அங்க நீல லைட்டு வச்சிருக்காக, அதுல போட்டாத்தான் எறங்கும். என் வீட்டு வெயிலு புள்ளைக்கு ஆகாது. எம்மக மூஞ்சியப் பாரு."

அவள் சஷ்டியைப் பார்த்தாள். பார்க்கத்தான் செய்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"நீ இருட்டுல கெடந்தப்ப, இது இருட்டால்ல இருக்குன்னு நான் திரும்பிப் போனேனாடி?"

இதற்கு எத்தனையோ பதில் யோசித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் அவள் கேட்டதைவிடச் சின்னதாக இருக்கிறது. நான் மழையில் நின்றேன், நகரவில்லை. அவளும் நகரவில்லை. ஏழு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. என் வீட்டு வெயில் என் முதுகுக்குப் பின்னால் கதவு வழியாக விழுந்து, மழைத் தண்ணீரில் எங்கள் இரண்டு பேருடைய நிழலையும் ஒன்றாகப் போட்டது. கடைசியில் பிள்ளை சிணுங்கியது. அது சரியான அழுகையாகக்கூட இல்லை, தூக்கத்தில் முனகுகிற மாதிரி. ஜெயக்கொடி நாலு பிள்ளை பெற்றவள், அந்தச் சத்தம் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாள், பெட்டியையும் எடுத்துவரச் சொன்னாள்.

ஒரே ஆட்டோவில்தான் போனோம். அவள் மடியில் பிள்ளை, என் மடியில் அஞ்சறைப்பெட்டி, நடுவில் சஷ்டி. மழைக்குத் தார்ப்பாய் இறக்கியிருந்தார்கள். வழி நெடுக நான் பேசாமல் இருக்க முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் ஒரு பக்கம் ஓடினாள், நான் ஒரு பக்கம் போனேன். பிள்ளையை அன்றைக்கே நீல வெளிச்சத்தில் போட்டார்களாம், இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம். மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் பதினெட்டு நாள் இருந்தேன். ஆலுவாவிலிருந்து பால்ச்சாமி வந்து சஷ்டியைப் பார்த்துக்கொண்டார். இந்தத் தடவை அவர் தூங்கவில்லை என்று சஷ்டி சொன்னாள்.

திரும்பி வந்தபோது அப்பளங்களை யாரோ அள்ளியிருந்தார்கள், மிதித்தவை மட்டும் மூலையில் கூட்டிக் கிடந்தன. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழாயில் என் முறை வந்தால் குடத்தை நகர்த்தி இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அந்த மாதம் கம்பெனி மாவை எங்கள் காம்பவுண்டுக்குப் பாதியாகக் குறைத்துவிட்டது. என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சஷ்டி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கடைக்காரர்கள் எழுதிப் போடுகிற மாதிரி, இங்கு வெயில் கிடையாது என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். ஐந்தாம் நம்பர் பொடிசு அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் போனது. மஞ்சள் இறங்கிய பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஜெயக்கொடி என் வாசலைத் தாண்டிப் போவாள். ஒரு தடவை நின்றாள். பிள்ளையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள், போய்விட்டாள். அஞ்சறைப்பெட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. மாத்திரை வாசனை போகாது, இனிமேல் சீரகம் போட முடியாது என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார், இனி யாரிடம் கொடுத்துவைக்கப் போகிறாய். என்மேல் பாசம் உள்ளவர்கள் என்று யோசித்தேன். சஷ்டி இருக்கிறாள், ஆனால் பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் என் உயிரைக் கொடுத்துவைக்க மாட்டேன், அவள் பிடித்துக்கொண்டிருந்தது போதும். எனக்குப் பாசம் உள்ளவர்கள் வேண்டாம் என்று தோன்றியது. என் வெயிலும் வேண்டாத, என் இருட்டும் வேண்டாத ஒருத்தர் வேண்டும்.

தெருமுனை மெடிக்கலில் அமலி என்று ஒரு பெண் இருக்கிறாள். எப்போதும் கணக்கு நோட்டிலோ போனிலோ கண் இருக்கும், நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அவளிடம் போய்ச் சொன்னேன். வேணாம்க்கா, வம்பு என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன், மறுநாளும் போனேன், நாலாம் நாள் சரி என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை முழுவதும் இப்போது அவள் கடையில் ஒரு டப்பாவில் இருக்கிறது, டப்பாவின் மேல் என் பெயர்கூட இல்லை, 6 என்று மட்டும் எழுதியிருக்கிறாள். காலையில் சஷ்டி பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நாங்கள் இரண்டு பேரும் போய் நிற்போம். மாத்திரையைப் பிரித்துக் கையில் வைப்பாள். முழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, நாலு பேர் தைலமும் சோப்பும் வாங்கிக்கொண்டு நிற்கிற இடத்தில், நாற்பத்தாறு வயதுக்காரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். அமலி எட்டிப் பார்த்துவிட்டு, ம் என்பாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

நேற்றும் அப்படித்தான். சாயங்காலம் காட்டிவிட்டுத் திரும்பி வந்தோம். நிலைப்படியில் சஷ்டி நின்றாள், கையை உள்ளே நீட்டினாள். இன்னும் நீட்டத்தான் செய்கிறாள், நான் ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே மங்கிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டிலும் மங்கியது, மூன்றாம் நம்பரிலும் மங்கியது. எல்லா வீட்டிலும் இருட்டுகிற நேரத்தில் எங்கள் வீட்டிலும் இருட்டியது. நான் அவளைத் தாண்டி உள்ளே போய், சுவரைத் தடவி, லைட்டைப் போட்டேன்.